சக்கர நாற்காலியோடு மகளைப் பார்க்க இளம்பிள்ளைக்கு

சென்ற மாதம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் நாமகிரிப்பேட்டையில் இருக்கும் என் சைக்கிள் கடைக்கு வந்தார். வந்தார் என்றால், அவருடைய தம்பி முதுகில் சுமந்து வந்தார். கிணறு வெட்டும்போது பாறை சரிந்து இடுப்பில் விழுந்து, இரண்டு வருஷமாகக் கால் விளங்கவில்லை. கல்யாணமான மறு வருஷம் நடந்ததாம். தம்பியை டீ வாங்கி வர அனுப்பிவிட்டு என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார். எங்களுக்குக் குழந்தை பிறக்குமா? பிறந்தால், மனைவியின் ஊருக்குப் போய்ப் பார்க்க என்னை பஸ்ஸில் ஏற்றுவார்களா? முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதைத் தொடங்கும்போதே டீ வந்துவிட்டது. மீதியை அவருக்கும், அவரைப் போன்றவர்களுக்குமாக இங்கே எழுதுகிறேன்.

1963-ல், மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, நாமகிரிப்பேட்டையிலிருந்து ராசிபுரம், சேலம் வழியாக இளம்பிள்ளைக்குப் போனேன். ஏறக்குறைய முப்பத்து நாலு மைல். காலையில் புறப்படுகிற யாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள்.

முதலில் என் கதை. என் பெயர் அருளப்பன். சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்கு மஞ்சள் மூட்டை ஏற்றிப் போகும் லாரியில் லோடுமேனாக இருந்தேன். 1959-ல் லோடு மேலிருந்து விழுந்தேன். பின்னாலேயே ஒரு மூட்டையும் என்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வராந்தாவில் என் அண்ணன் சவரிமுத்துவை நிறுத்தி, "இனி நடக்க மாட்டான், பிள்ளையும் பிறக்காது" என்றாராம். அண்ணன் அதை ஊரில் சொல்லிவிட்டார். என்னைக் கட்டிலோடு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கடைவீதியில் வெற்றிலை விற்கிறவருக்குக்கூட அது தெரிந்திருந்தது. எனக்கும் என் மனைவி ஆரோக்கியத்துக்கும்தான் தெரியாது.

மாமனார் இளம்பிள்ளையில் தறிக்காரர். மகளைக் கூட்டிப் போக வண்டி கட்டிக்கொண்டு வந்தார். ஆரோக்கியம் அவருக்குச் சோறு போட்டு, வண்டி வெறுமனே போக வேண்டாம் என்று ஒரு மூட்டை மஞ்சளை ஏற்றி அனுப்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் முதுகில் படுக்கைப் புண் வந்து ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே ஒரு டாக்டரம்மா. கட்டுப் போடும்போது, எங்களுக்குக் குழந்தை பிறக்காது என்கிறார்களே என்று ஆரோக்கியம் நேராகவே கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. முதுகெலும்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில் ஒரே அளவில் அடிபடுவதில்லை என்றார். சிலருக்கு முடியும், சிலருக்கு முடியாது, சிலருக்கு நாளாகும். "முயற்சி பண்ணாமலே முடியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

எங்களுக்கு நாளாகும் வகை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதைப் பற்றி விவரமாக எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். பொறுமை வேண்டும், வெட்கம் கூடாது, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் வேண்டும். இவ்வளவுதான் சொல்லலாம்.

ஏழாம் மாதம் ஆரோக்கியம் பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். மாசியில் ஒரு நூல் வியாபாரி சேதி கொண்டுவந்தார்.

"பொண்ணு பொறந்திருக்குதுங்க. ரெண்டு பேரும் சொகம். ஞாயித்துக்கெழம சாமியார் வாராருங்க, ஞானஸ்நானம் வெச்சிருக்காங்க." கொஞ்சம் தயங்கினார். "நீங்க வாரீங்களான்னு உங்க மாமனார் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க."

ஊரில் எத்தனையோ பேருக்குக் குழந்தை பிறக்கிறது. எந்தத் தகப்பனிடமும் வாரீங்களா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்த ஊர்க் கோயிலுக்குச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். நான் போகாவிட்டால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். போகாததையே என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வார்கள். ஆரோக்கியம் அதைத் தனியாகச் சுமக்க வேண்டும்.

அண்ணனிடம் கூட வரச் சொன்னேன்.

"போயி என்ன பண்ணப் போறே?" என்றார். "போனா நீ ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

"ஒத்துக்கத்தான் போறேன்."

"ஊரு சிரிக்கும்டா."

"நாலு வருசமா அழுதுச்சு. சிரிக்கட்டும்."

அவர் வரவில்லை. செங்கோடன் வந்தான். மண்டியில் என்னோடு மூட்டை தூக்கியவன், நான் விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவன். நல்ல பலசாலி. ஒரே குறை, வாய் ஓயாது.

என் நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்குள் சைக்கிள் கடை வைத்திருந்தேன், அங்கே நானே செய்தது. மரநாற்காலியின் இரண்டு பக்கமும் சைக்கிள் சக்கரம், முன்னால் ஒரு சின்னச் சக்கரம். வீட்டுக்கும் கடைக்கும் போதும். பஸ்ஸுக்கு அதைப் பிடிக்காது.

காலை ஏழு மணி பஸ்ஸில் கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் படியில் நின்றுகொண்டார். "ஏனுங்க, இது ஆளுங்களா லக்கேஜுங்களா?" நாற்காலியைக் கேட்டாரா என்னைக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மஞ்சள் சீசன், கூட்டம். நாற்காலி மேலே போயிற்று, அதற்குத் தனியாகப் பத்து நயா பைசா. என்னை டிரைவர் பக்கத்தில் என்ஜின் மூடியின்மேல் உட்கார வைக்கச் சொன்னார். அங்கே உட்கார மாட்டேன் என்றேன். எனக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துபோகும் என்றும் சொன்னேன்.

"சூடு தெரியாதுன்னா உங்களுக்கு நல்லதுதானுங்களே," என்றார்.

இவரோடு பேசிப் பயனில்லை. செங்கோடன் என்னைத் தூக்கிக் கீழே தரைப் பலகையில், மஞ்சள் கூடைகளுக்கு நடுவில் வைத்தான். ராசிபுரம் ஆறு மைல். வழியெல்லாம் ஒரு கிழவர் கூடை மேலிருந்து எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டு வந்தார். நல்லெண்ணெய், வேலிப்பருத்தி, கருங்கோழி. எல்லாம் செய்து பார்த்தாயிற்று என்றேன். சரியாகச் செய்திருக்க மாட்டாய் என்றார்.

ராசிபுரத்தில் இறங்கியதும் மறைவிடம் தேட வேண்டியிருந்தது. என்னைப் போன்றவர்களில் பலர் இதற்குப் பயந்து பயணத்தன்று தண்ணீரே குடிப்பதில்லை. அது பெரிய தப்பு, பிறகு காய்ச்சல்தான். நான் ஒரு பால் டப்பாவும் ஒரு பழைய வேட்டியும் எப்போதும் வைத்திருப்பேன். செங்கோடன் வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, போகிறவர்களிடமெல்லாம், "ஒண்ணுமில்லீங்க, நீங்க போங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்லாமல் இருந்திருந்தால் பாதிப்பேர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சேலம் பஸ்ஸில் இடம் கிடைத்தது. பதினேழு மைல், அறுபது நயா பைசாவுக்குள். எனக்கு ஆச்சரியம். சேலத்தில் இறங்கியபோது கூரைமேலிருந்த பையன் என் நாற்காலியைக் கீழே போட்டான். ஆச்சரியம் முடிந்தது. ஒரு சக்கரம் வளைந்துபோயிற்று. சைக்கிள் கடைக்காரன் ஸ்போக் சாவி இல்லாமல் வெளியே போக மாட்டான் என்பதால் பஸ் நிலையத்திலேயே தரையில் உட்கார்ந்து சக்கரத்தை நேராக்கினேன். முக்கால் மணி நேரம் வேலை. முடிகிற சமயம், கையில் குழந்தையோடு போன ஓர் அம்மாள் என் மடியில் ஐந்து நயா பைசா போட்டார். திருப்பிக் கொடுக்கக் கூப்பிட்டேன். போதவில்லை என்று நினைத்து இன்னும் ஐந்து போட்டுவிட்டுப் போனார்.

செவ்வாய்ப்பேட்டையில் குழந்தைக்கு வெள்ளைத் துணி வாங்க நினைத்திருந்தேன். கடைக்கு மூன்று படி. கீழேயே நின்றேன். கடைக்காரர் செங்கோடனைப் பார்த்து, "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டார்.

"என் குழந்தைக்கு ஞானஸ்நானத் துணி," என்றேன் நான்.

அவர் என் காலைப் பார்த்தார். "அண்ணன் குழந்தைங்களா?"

"என் குழந்தை."

"அண்ணன் குழந்தையும் நம்ம குழந்தை மாதிரிதானே," என்று ஒத்துக்கொண்டு துணியை அளந்தார்.

இளம்பிள்ளை பஸ்ஸில் கூரை முழுவதும் நூல் மூட்டை. நாற்காலிக்கு இடமில்லை என்றார்கள். அடுத்த பஸ்ஸிலும் அதேதான். மணி மூன்றைத் தாண்டியது. கடைசியில் குதிரை வண்டி பேசினோம். பதினோரு மைலுக்கு நாலு ரூபாய், அநியாயம்தான், ஆனால் வண்டிக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாற்காலியைப் பின்னால் கட்டி, என்னை வைக்கோல்மேல் சாய்த்து உட்கார வைத்து, "போலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார். அவருக்காகவே அந்த நாலு ரூபாயைக் கொடுக்கலாம்.

ஊர் எல்லை தாண்டியதும் செங்கோடன் தொடங்கினான்.

"அருளு, ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"வேண்டாம் உடு."

அரை மைல் போயிற்று. "இல்ல, கேட்டுர்றேன். ஊருல பேசிக்கறாங்க. டாக்டரு அன்னிக்கே சொல்லீட்டாரு. அப்பறம் எப்பிடி... நெசமா, உன்ற குழந்தைதானா?"

அந்த நாளில் என்னைப் பத்து முறையாவது தூக்கி இறக்கியவன் அவன். கண்டக்டர் பேசினதும் கடைக்காரர் பேசினதும் எரிச்சலோடு போயிற்று. இது வலித்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு கேட்டேன்.

"உனக்கு மூணு பசங்க. உன்ற பசங்கதான்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "என்ற பொண்டாட்டி சொன்னா."

"எனக்கும் அவதான் சொன்னா."

வண்டிக்காரர் திரும்பாமல் குதிரையை ஒரு தட்டுத் தட்டினார். இளம்பிள்ளையில் இறங்கும்போது செங்கோடன், "தப்பாக் கேட்டுட்டன்டா," என்றான். சரி, நாற்காலியை அவிழ் என்றேன்.

மாமனார் வீட்டில் முன்அறையிலேயே குழித்தறி. தறிக்கும் சுவருக்கும் நடுவே என் நாற்காலி நுழையவில்லை. செங்கோடன் என்னைத் தூக்கிக்கொண்டு போய் உள்அறையில் பாயில் உட்கார வைத்தான். மாமனார் தறியில் இருந்தார். கையை நிறுத்தவில்லை.

ஆரோக்கியம் என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "காலைல இருந்து வாசலையே பாத்துட்டு இருக்கேனுங்க. என்னத்துக்கு இத்தன நேரம்?"

சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். குழந்தையைக் கொடு என்றேன். மடியில் வைத்தாள். சிவப்பாக, கோபமாக, கையை முறுக்கிக்கொண்டு இருந்தாள் என் மகள். அவளுக்கும் அன்றைய நாள் சரியில்லை போலும். நாலைந்து உறவுக்காரப் பெண்கள் விளக்கைக் கொண்டுவந்து குழந்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"மூக்கு யாரு மாதிரின்னே தெரியலீங்களே," என்றாள் ஒருத்தி.

"பொறந்து பத்து நாள்ல மூக்குன்னு ஒண்ணு இருந்தாப் போதாதுங்களா?" என்றாள் ஆரோக்கியம். அவர்கள் விளக்கை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போனபிறகு மெதுவாகச் சொன்னாள். "வலி எடுத்துக் கெடக்கறப்பவே மருத்துவச்சி கேட்டாளுங்க. யாருதுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"வெந்நி கொண்டான்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அழுதாள். நாலு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேட்டிய நனைச்சுட்டா பாருங்க, இங்க குடுங்க," என்றாள். குனிந்து பார்த்தேன். தொடை வரைக்கும் ஈரம். எனக்கு அது தெரியவே இல்லை. ஆனாலும் குழந்தையைக் கொடுக்க மனம் வரவில்லை. இருக்கட்டும் என்றேன்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போனோம். பிள்ளை பெற்றவள் அப்போது கோயிலுக்கு வரும் வழக்கமில்லை, ஆரோக்கியம் வீட்டில் இருந்தாள். சின்ன ஓட்டுக் கோயில், வாசலில் உயரமான நாலு படி. உபதேசியார், அதாவது சாமியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்துகிறவர், என்னிடம் வந்து காதோடு சொன்னார்: "நீங்க வெளியவே இருந்துக்கங்க. பாட்டன் உள்ள நின்னாப் போதும். உங்களுக்கும் சங்கடமில்ல பாருங்க."

எனக்கு என்ன சங்கடம் என்று கேட்டேன். அவர் படி ஏறிப் போய்விட்டார்.

ஞானஸ்நானச் சடங்கு கோயில் வாசலில்தான் தொடங்கும். சாமியார் வெளியே வந்தார். ஞானத்தாயாக வந்த உறவுக்காரப் பெண் குழந்தையை ஏந்தி நின்றார். "தகப்பன் யாரு?" என்று சாமியார் கேட்டார். உபதேசியார் மாமனாரைப் பார்த்தார். மாமனார் தரையைப் பார்த்தார். பூசைக்கு வந்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாந்தானுங்க சாமி," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

"அப்பறம் என்னத்துக்குங்க கீழ இருக்கீங்க? மேல வாங்க," என்றார் அவர். "எனக்கு இன்னும் ரெண்டு ஊருப் பூசை இருக்குது."

அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த பதில்களிலேயே நல்ல பதில் அதுதான். அவருக்கு அவசரம். என் குழந்தை யாருடையது என்று ஆராய அவருக்கு நேரமில்லை.

செங்கோடன் நாற்காலியின் இடது பக்கத்தைப் பிடித்தான். வலது பக்கத்துக்கு ஓர் ஆள் வேண்டும். யாரும் அசையவில்லை. செங்கோடன் சுற்றிப் பார்த்தான். நான் யாரையும் பார்க்கவில்லை. பிறகு மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து வலது பக்கத்தைப் பிடித்தார். அவருக்குத் தூக்கிப் பழக்கமில்லை. மூன்றாம் படியில் நாற்காலி சாய்ந்து என் முழங்கால் வாசல் நிலையில் நன்றாக இடித்தது.

"பட்டுருச்சுங்களா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க மாமா."

"தெரியலைன்னா?"

"பட்டாலும் எனக்குத் தெரியாதுங்க."

அவர் நாற்காலியை மேலே வைத்துவிட்டுக் குனிந்து, வேட்டியை விலக்கி என் முழங்காலைத் தடவிப் பார்த்தார். தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. தன் துண்டை அவிழ்த்துக் கட்டிவிட்டார். சாமியார் புத்தகத்தோடு காத்துக்கொண்டிருந்தார். உபதேசியாரும் காத்துக்கொண்டிருந்தார். மாமனார் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தபிறகுதான் எழுந்தார். குழந்தைக்கு மரியசெல்வி என்று பெயர் வைத்தோம்.

ஊர் வாய் அன்றோடு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆனால் இளம்பிள்ளையில் மாமனார் வீட்டு வாசலில் வந்து பேசுவது நின்றது. திங்கட்கிழமை மாமனாரே பஸ் நிலையம் வரை வந்து, நாற்காலியைக் கூரையில் ஏற்றுகிறவனிடம் இறக்கும்போது போடக் கூடாது என்று சத்தம் போட்டார். அப்படியும் சேலத்தில் போட்டுவிட்டார்கள். இந்த முறை மற்றச் சக்கரம்.

இனிப் புறப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தை. சனிக்கிழமையும் மஞ்சள் சீசனும் வேண்டாம். பஸ்ஸில் என்ஜின் மூடிமேல் உட்காராதீர்கள், யார் சொன்னாலும். மணிக்கு ஒருமுறை யாரையாவது உங்களைத் தூக்கி மாற்றி உட்கார வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புண் வரும். தண்ணீர் குடியுங்கள், டப்பா எடுத்துப் போங்கள். சேலத்திலிருந்து இளம்பிள்ளைக்கு முதலிலேயே குதிரை வண்டி பேசிவிடுங்கள், அரை நாள் மிச்சம். இப்போது ஐந்து ரூபாய் கேட்கிறார்கள்.

குழந்தை விஷயத்தில் வராந்தாவில் உங்கள் அண்ணனிடம் பேசுகிற டாக்டரை விட்டுவிட்டு, உங்களிடம் பேசுகிற டாக்டரைத் தேடுங்கள். முடியாது என்று அவரும் சொன்னால் அது வேறு. அப்படிச் சொல்லக் கேட்டவர்களும் எனக்குத் தெரிந்தவர்களில் உண்டு, அதில் ஒருவர் குழந்தையைத் தத்தெடுத்து நன்றாக வளர்க்கிறார். அடிபட்டது மனைவிக்கென்றால் ஒன்று சொல்ல வேண்டும். மாதவிலக்கு திரும்பிவிட்டால் கர்ப்பமும் தங்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் பிரசவ வலி தெரியாமலே போகக்கூடும். வயிறு இறுகுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கடைசி மாதத்துக்கு முன்பே ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் போய்த் தங்கிவிடுங்கள்.

மரியசெல்விக்கு இப்போது நாலு வயது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் பேசிக்கொண்டிருந்தால் காற்றடிக்கும் பம்பை ஒளித்து வைத்துவிடுகிறாள். ஆரோக்கியத்துக்கு மறுபடியும் ஏழு மாதம். இந்தத் தடவை யாரும் யாருடைய குழந்தை என்று கேட்கவில்லை. போன வாரம் அண்ணன் கடைக்கு வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஏதோ கேட்க வருகிறார் என்று புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இதுவும் பொட்டப்புள்ளையாப் போச்சுன்னா என்னடா பண்ணுவே?" என்றார்.

ஊரில் எல்லாத் தகப்பன்மாரையும் கேட்கிற கேள்வி. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.